அன்ரூவுக்குப் பதில் அன்ரூ

எங்கள் ஃபுட்பால் கட்டடத்தின் முகப்புச் சுவரில் இருக்கும் சொல்லை இருபத்திரண்டு வருடத்தில் ஆறு முறை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆள் உயரம், அலுமினியம். புது கோச் வரும்போது புதுச் சொல் வரும். அவரைத் துரத்தும்போது அந்தச் சொல் என் சாமான் அறைக்கு வரும். 'குடும்பம்' அங்கேதான் கிடக்கிறது. 'கல் மேல் கல்' கிடக்கிறது. 'இன்றே' கிடக்கிறது, அதை மாட்டச் சொன்னவர் பதினோரு மாதம்தான் இருந்தார், எழுத்துகளின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட நாங்கள் உரிக்கவில்லை. ஆறாவதாக ஃப்ளோரிடாவிலிருந்து வந்து இறங்கிய கோச் லேன் ராத்பன் மாட்டச் சொன்ன சொல் 'பொறுமை'. அதை மறுநாள் காலை எட்டு மணிக்குள் மாட்டி முடித்துவிட வேண்டும் என்றார்.

என் பெயர் வெர்ல். கான்சஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஹார்லன் ஃபோர்க் பல்கலைக்கழகத்து ஃபுட்பால் அணிக்கு உடுப்பறைப் பொறுப்பாளன். ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற உருண்டைப் பந்து அல்ல. கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, முட்டை வடிவப் பந்து. தலைக்கவசம், தோள் கவசம், சட்டை, சட்டையின் முதுகில் பெயர் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் அணியின் பெயர் வெட்டுக்கிளிகள். என் தாத்தாவின் அப்பா காலத்தில் வெட்டுக்கிளிகள் வந்து இந்த ஊர் வயலையெல்லாம் மேய்ந்துவிட்டுப் போயினவாம், அந்த ஞாபகமாக வைத்தது. வந்து மேய்ந்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றிய இந்தக் கதையில் அந்தப் பெயரைப் பற்றி இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

முன்பெல்லாம் ஒரு பையன் சேர்ந்தால் நாலு வருடம் இருப்பான். அவன் சட்டைப் பெயரை ஒருமுறை ஒட்டினால் போதும். இப்போது போர்ட்டல் என்று ஒன்று வந்திருக்கிறது. காலேஜ் மாற நினைக்கிற ஆட்டக்காரன் தன் பெயரை அந்தக் கம்ப்யூட்டர் பட்டியலில் போடச் சொல்லலாம். போட்ட நிமிடமே நாட்டிலுள்ள காலேஜ்கள் எல்லாம் அவனுக்குத் தூண்டில் போடும். போன ஜனவரியில் எங்கள் நூற்றைந்து பேரில் எழுபத்தொரு பேர் போர்ட்டலுக்குப் போனார்கள். கோச் ராத்பன் நிருபர்களிடம் சொன்னார்: "எங்க அஞ்சு வருஷத் திட்டம் சரியாத்தான் போய்க்கிட்டிருக்கு. அஸ்திவாரம் போட்டாச்சு. அஸ்திவாரத்துல இருந்த ஆளுங்க மட்டும்தான் போயிருக்காங்க."

போகாத முப்பத்து நாலு பேரில் ஒருவன் கோல்பி அன்ரூ. அவன் ஸ்னாப்பர். அதாவது, அணி பந்தை உதைத்துத் தொலைக்க வேண்டிய நேரம் வந்தால் இவன் குனிந்து, கால் இடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் எறிவான். பதினைந்து கஜம் தள்ளி நிற்கிறவன் பிடித்து உதைப்பான். அவ்வளவுதான் இவன் வேலை. சரியாக எறிந்தால் ஒருவருக்கும் இவன் பெயர் தெரியாது, தவறாக எறிந்தால் மாநிலம் முழுக்கத் தெரிந்துவிடும். மூன்று வருடமாக கோல்பியின் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

அவனுக்கு அப்பா இல்லை. இரண்டாம் வருடம் அறுவடை நேரத்தில் தவறிவிட்டார். படிப்பையும் ஆட்டத்தையும் விட்டுவிட்டு வயலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போனவனை அவன் அம்மா மார்லீன் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். "ஆரம்பிச்சத முடிச்சுட்டு வா. கடைசி வருஷம் நான் வந்து உன்கூட நடக்கறேன்" என்றாள். ஒவ்வொரு நவம்பரிலும் ஊரில் நடக்கிற கடைசி ஆட்டத்துக்கு முன்னால், விடைபெறும் பையன்கள் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு நடப்பார்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள், அம்மாவுக்குப் பூங்கொத்து கொடுப்பார்கள், ஊரே எழுந்து கைதட்டும். கோல்பி அதற்காகத்தான் இருந்தான். அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான், வெட்கப்படாமல்.

போர்ட்டலில் பெயர் போடுவது விதிமுறை அலுவலகத்து டோனாவின் வேலை. எழுபத்தொரு பேரைத் தனித்தனியாக டிக் அடிப்பதைவிட, நூற்றைந்து பேரையும் ஒரே அடியாக டிக் அடித்துவிட்டு, இருக்கிறவர்களின் டிக்கை மட்டும் எடுப்பது சுலபம் என்று அவளுக்கு அனுபவத்தில் தெரியும். அப்படித்தான் செய்தாள். ஸ்னாப்பர்கள் பட்டியலின் கடைசியில், அடுத்த பக்கத்தில் இருப்பார்கள். அவள் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

மறுநாள் கோல்பி கையில் போனோடு உடுப்பறைக்கு வந்தான்.

"வெர்ல், எனக்கு ஒரு காலேஜ்லேருந்து ஃபோன் வந்துச்சுங்க. அவங்க அணிக்கு வான்னு கூப்பிடறாங்க."

"எந்தக் காலேஜ்?"

"நம்ம காலேஜ்தாங்க."

பேசியவன் டேட்டன் ஸ்வோப். எங்கள் ஆள்சேர்ப்பு இயக்குநர், இருபத்தாறு வயது, ஒரே நேரத்தில் மூன்று போனில் பேசுவான். கோல்பி மறைக்காமல் சொல்லிப் பார்த்திருக்கிறான்: "நான் ஹார்லன் ஃபோர்க்லதாங்க இருக்கேன்." அதற்கு ஸ்வோப், "ஊருக்கே வந்துட்டீங்களா? இந்த ஆர்வத்தைத்தான் நாங்க தேடறோம்! சனிக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு முன்வாசலுக்கு வந்துடுங்க" என்று வைத்துவிட்டான்.

நான் அவனை டோனாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். டோனா கெட்டவள் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"ஐயையோ, தப்பு என்னோடதுதான் கண்ணு. ஆனா உள்ள போன பேரை நான் எடுக்க முடியாது. பழைய காலேஜ் திரும்பச் சேத்துக்கறேன்னு எழுதிக் குடுத்தா எடுக்கலாம்."

"பழைய காலேஜ் நாமதானே, டோனா?" என்றேன்.

"ஆமா. ஆனா அத எழுதிக் குடுக்க வேண்டியது ஸ்வோப். அவங்க கணக்குல இவன் எடம் இப்ப காலி. காலியான எடத்துக்குப் புதுசா ஒருத்தனைத் தேடிக்கிட்டிருக்காங்க."

"யாரை?"

அவள் திரையைப் பார்த்தாள். "இவனைத்தான்."

ஸ்வோப்பைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவன் இரண்டு போனைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் கை போட்டான். "வெர்ல், உள்ள இருக்கிறவனைத் திரும்ப எடுத்தா அது சாதனையே இல்ல. போர்ட்டல்லேருந்து ஒருத்தனைத் தட்டித் தூக்கினா நமக்கு மதிப்பெண் ஏறும், தேசிய வரிசைல ரெண்டு எடம் மேல போவோம். பழைய ஸ்னாப்பர் கதை முடிஞ்சுது. அவனோட பொறுமை பத்தல, போயிட்டான். விடுங்க."

"அவன் போகலப்பா. வாசல்ல நிக்கறான்."

"அப்ப சனிக்கிழமையும் வரச் சொல்லுங்க."

ஆகவே கோல்பிக்கு ஒரே வழிதான் இருந்தது. தன் இடத்துக்குத் தானே போட்டியிட்டு ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் கடைசி வருடம் அணியில் இல்லை, அம்மாவோடு நடக்கவும் முடியாது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, இரவு தூங்கிய அதே விடுதியிலிருந்து நடந்து வந்து முன்வாசலில் நின்றான். மேளம் அடித்தார்கள். ஆடல் பெண்கள் இருபக்கமும் நின்று அவன் பெயரைக் கூவினார்கள். அவர்களில் இரண்டு பேர் அவனோடு புள்ளியியல் வகுப்பில் படிக்கிறவர்கள். கூவிக்கொண்டே, செவ்வாய்க்கிழமை வீட்டுப்பாடம் முடித்துவிட்டானா என்று ஒருத்தி கேட்டாள். ஸ்வோப் அவனுக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினான். எடைப்பயிற்சிக் கூடத்தின் கதவு இழுக்கிற கதவு, ஸ்வோப் தள்ளிக்கொண்டிருந்தான். கோல்பிதான் இழுத்துத் திறந்தான்.

படம் எடுக்கும் சடங்குக்கு என்னிடம் கொண்டு வந்தார்கள். வருகிற ஒவ்வொருவனுக்கும் எங்கள் உடுப்பைப் போட்டு, புகை விட்டு, சிம்மாசனத்தில் உட்கார வைத்துப் படம் எடுப்பது வழக்கம். மூன்று வருடமாக அவன் போட்டு வியர்த்த அறுபத்தொன்றாம் எண் சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"அடேங்கப்பா, இவருக்குன்னே தச்ச மாதிரி இருக்கே!" என்றான் ஸ்வோப்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உடுப்பு மாற்றும் கூடத்தில் அவனுக்கு ஒதுக்கிய அலமாரியில் 'அன்ரூ' என்று புதுப் பெயர்ப்பலகை மாட்டச் சொன்னான். அங்கே ஏற்கெனவே 'அன்ரூ' என்று ஒரு பலகை இருக்கிறதே என்றேன்.

"அது பழசு வெர்ல். அதுல தோல்வி வாடை அடிக்குது. கழட்டிடுங்க."

கழற்றினேன். மாட்டினேன். கழற்றியது சாமான் அறைக்குப் போயிற்று.

பதினோரு மணிக்கு கோச் ராத்பனின் அறை. உடுப்பின் அளவுத்தாளைக் காட்டுகிற சாக்கில் நானும் உள்ளே போய் நின்றுகொண்டேன். கோச்சுக்கு ஐம்பது வயது, வெயிலில் காய்ந்த முகம், பேசும்போது கண் எதிராளியைத் தாண்டிச் சுவரில் நிற்கும். திரையில் கோல்பி போன வருடம் ஆடிய ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, நான் மனசுல பட்டதப் பட்டுன்னு சொல்றவன். எங்க பழைய ஸ்னாப்பரைவிட நீ நூறு மடங்கு மேல. அவன் எறிஞ்சா பந்து ஆடிக்கிட்டே போவும். உன்னோடது பாரு, நூல் புடிச்ச மாதிரி." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "உங்க பழைய காலேஜ் எங்க உடுப்பை அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க போல. வெக்கமே இல்லாம. எதுக்குத் தம்பி அங்கேருந்து கெளம்பற?"

கோல்பிக்குப் பொய் வராது. "கெளம்பணும்னு எனக்கு இல்லைங்க கோச். அங்கேயே முடிக்கணும்னுதான் ஆசை."

கோச் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த விசுவாசம்தான் எனக்கு வேணும். இத எங்ககிட்ட கொண்டு வா. ஒன்னு மட்டும் கேட்டுக்க. இங்க நாங்க பொறுமையா ஒரு கட்டடம் கட்டறோம். அவசரமே கெடையாது. நீ நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முடிவு சொல்லிடணும்."

அன்று மாலை விருந்து. வருகிறவனைக் கவனித்துக்கொள்ள, அதே இடத்தில் ஆடுகிற பழைய ஆட்டக்காரன் ஒருவனைக் கூட அனுப்புவது மரபு. ஸ்வோப்பின் தாளில் ஸ்னாப்பருக்குத் துணை என்ற இடத்தில் அச்சாகியிருந்த பெயர் கோல்பி அன்ரூ. தாளைப் போன வருடத்துத் தாளிலிருந்து எடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அவனைக் கேட்டேன்.

"எப்படிடா இருந்துச்சு விருந்து?"

"ரெண்டு பேருக்கு மேசை போட்டிருந்தாங்க. ரெண்டு ஸ்டேக் வந்துச்சு."

"என்ன பண்ணினே?"

"ரெண்டையும் சாப்பிட்டேங்க. துணைக்கு வந்தவன் கருத்துன்னு ஒரு படிவம் நிரப்பச் சொன்னாங்க. பையன் அடக்கமானவன், அதிகம் பேசலன்னு எழுதினேன்."

அந்தப் படிவம்தான் முடிவைத் தீர்மானித்தது என்று ஸ்வோப் பின்னால் சொன்னான். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் புகைக்கு நடுவில் கோல்பி சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் படம் ஊரெல்லாம் போயிற்று. 'நீண்ட நாள் ஓட்டை அடைபட்டது' என்று தலைப்பு. கீழே ரசிகர்கள், "அப்பாடா, பழையவன் தொல்லை விட்டுச்சு" என்று எழுதியிருந்தார்கள். "பழைய அன்ரூ எங்க போனான்?" என்று ஒருவர் கேட்டதற்கு, "எங்க பணம் அதிகம் கெடச்சுதோ அங்க ஓடியிருப்பான், இந்தக் காலத்துப் பசங்கதானே" என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் இடம் தப்பித்ததே, அது போதும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏப்ரலில் பெற்றோரை அழைத்தார்கள். கட்டட முகப்பில் 'பொறுமை'க்கு நேர் கீழே கோச் ஒரு நீளத் தொட்டி வைத்துத் தன் கையாலேயே கோதுமை விதைத்தார். காமிராக்கள் இருந்தன. "இதுதான் எங்க திட்டம்," என்றார். "விதைச்சுட்டுக் காத்திருக்கறோம். ஆட்டம் தொடங்கறப்ப கதிர் வரும்."

கூட்டத்தில் மார்லீன் அன்ரூ நின்றிருந்தாள். நாற்பது வருடமாகக் கோதுமை போடுகிறவள். விதை மூட்டையின் சீட்டைக் குனிந்து படித்தாள்.

"இது குளிர்காலக் கோதுமைங்க," என்றாள். "செப்டம்பர்ல விதைக்கணும். பனியில ஒரு குளிர்காலம் பூராக் கெடக்கணும். வசந்தத்துல போட்டா புல்லு மாதிரி நிக்கும், கதிரே வராது."

"எங்களுக்கு ஒரு குளிர்காலம் காத்திருக்க நேரம் இல்லம்மா," என்றார் கோச், அன்பாகத்தான்.

ஜூலைவரை அது புல்லாகவே நின்றது. கோச் ஸ்வோப்பைப் பார்த்தார். ஸ்வோப் எங்கிருந்தோ கதிரோடு வளர்ந்த கோதுமையைத் தொட்டி தொட்டியாக வரவழைத்து, எங்கள் புல்லைப் பிடுங்கிவிட்டு நட்டான். பத்து நாளில் வாடியது. வேறு வந்தது. பிடுங்கியதைக் குப்பைக்குக் கொண்டு போகிற வேலை எனக்கு. ஆகஸ்டுக்குள் நாலு முறை கோதுமை மாறிற்று. நிருபர்கள் கதிரோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் கூட்டம். புதுப் பையன்கள் எழுபத்திரண்டு பேர். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் தலைக்கவசங்களுக்குத் திருகு போட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு ஒரு கதை சொல்றேன்," என்று தொடங்கினார் கோச். "போன வருஷம் இங்க ஒரு ஸ்னாப்பர் இருந்தான். பேரு வேணாம். மூணு வருஷம் இருந்தான். இன்னும் ஒரே வருஷம். அறுவடைக்கு மொத நாள் அருவாளப் போட்டுட்டு ஓடிட்டான். ஏன்? பொறுமை இல்ல. இன்னைக்கு அவன் எங்க இருக்கான்? யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் வரிசையில் கோல்பி மட்டும் பாதிக் கை தூக்கினான். பிறகு இறக்கிவிட்டான்.

"ஒருத்தருக்கும் தெரியாது! ஆனா அவன் எடத்துக்கு வந்திருக்கானே அறுபத்தொன்னு, எந்திரி தம்பி. இவனைப் பாருங்க. கூப்பிட்ட ஒடனே வந்தான். அந்த ஓடிப்போனவன் மாதிரி ஆகாதீங்க. இவன் மாதிரி ஆகுங்க."

மற்ற எழுபத்தொரு பேரும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து தலைக்கவசம் வாங்கக் கோல்பி என் ஜன்னலுக்கு வந்தான்.

"ஓடிப்போனவன்னு சொல்றப்ப எனக்கு அவன்மேல கோவமே வந்துச்சு வெர்ல். அப்புறம்தான் உறைச்சுது," என்றான்.

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஆட்டங்கள் போன விதத்தைச் சொல்லி உங்களை வதைக்கமாட்டேன். நிறையத் தோற்றோம். தோற்கிற அணிதான் அடிக்கடி பந்தை உதைக்கும். ஆகையால் கோல்பிக்குக் கை ஓயாத வேலை. ஒன்றுகூடத் தவறாக எறியவில்லை. அவன் பெயர் இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

நவம்பரில் விடைபெறுகிறவர்கள் பட்டியல் வந்தது. இருபத்தேழு பேர். எல்லோரும் வேறு காலேஜ்களில் மூன்று வருடம் முடித்துவிட்டு ஜனவரியில் வந்தவர்கள், ஊரில் எந்தத் தெரு எங்கே போகிறது என்றுகூடத் தெரியாதவர்கள். அன்ரூ இல்லை. அவன் ஆடிய மூன்று வருடமும் ஓடிப்போன பழைய அன்ரூவின் கணக்கில் இருந்தது, கம்ப்யூட்டரில் இவன் இங்கே வந்து பத்து மாதம் ஆன முதலாண்டு ஆள். நான் நேராக கோச்சிடமே போனேன்.

"கோச், அந்தப் பையன் நாலு வருஷமா இங்க இருக்கான். அவங்கம்மா நடக்க வர்றாங்க."

கோச் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "பொறுமையா இருக்கச் சொல்லுங்க வெர்ல். இதுல பாத்தா அவனுக்கு இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கே."

"மே மாசம் அவன் பட்டம் வாங்கறான். அதோட வயலுக்குப் போயிடுவான்."

"பட்டம் வேற, பயணம் வேற," என்றார். அப்போது அவர் போன் அடித்தது, நான் வெளியே வந்துவிட்டேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பொறுத்தவனின் பெயரைப் பட்டியலில் சேர்க்க எங்களுக்கு ஒரு வரி இடம் இல்லை.

அந்த வாரம் முழுக்க ஊரில் எல்லோரும் ஒரு விமானம் எங்கே போகிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோச் வழக்கமாகப் போகிற சின்ன விமானத்தின் வால் எண் எங்கள் ஊர் சலூன்காரருக்குக்கூட மனப்பாடம். அது செவ்வாயும் வியாழனும் தெற்கே, புது கோச் தேடிக்கொண்டிருந்த ஒரு பெரிய காலேஜ் இருக்கிற ஊருக்குப் போய்த் திரும்பியது. கேட்டதற்கு, "நான் எங்கயும் போகல. போறவன் கோதுமை நடுவானா?" என்றார் கோச்.

சனிக்கிழமை வந்தது. மார்லீன் நீல நிறத்தில் நல்ல கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு, மூன்று மணி நேரம் டிரக் ஓட்டி வந்தாள். பட்டியலில் பெயர் இல்லை என்று கோல்பி முன்பே போனில் சொல்லியிருந்தான். "பரவால்ல, உக்காந்து பாக்கறேன்" என்று என் ஜன்னலில் வந்து சொன்னாள். கோட்டில் ஊக்கால் குத்தியிருந்த, மகனின் எண் போட்ட பேட்ஜை அவள் கழற்றவில்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆட்டத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஸ்வோப் ஓடி வந்தான், முகம் வெளுத்து.

"ப்ரூசார்ட் போயிட்டான் வெர்ல்! பட்டியல்ல இருக்கிற இருபத்து நாலாம் நம்பர்! காலைல ஆறு மணிக்குப் பிளேன் ஏறிட்டான். இங்க ஆடாத வருஷம் கணக்குல வராதுன்னு வேற காலேஜ் பாக்கப் போயிட்டான்!"

"அவனை விட்டுட்டு மிச்சப் பேரை நடக்க விடுங்க."

"முடியாது! இருபத்தேழு பேரு, ஆளுக்கு ஏழு செகண்டு, டிவிக்குக் குடுத்தாச்சு. திரைல படம் ஏத்தியாச்சு. பேரைச் சொல்லி ஆள் வரலன்னா விடைபெற்ற அன்னைக்கே ஒருத்தன் ஓடிட்டான்னு ஆயிடும். கோச்சை இப்ப நிறைய பேரு பாத்துக்கிட்டிருக்காங்க, புரியுதா? எனக்கு ஒரு பையனும் அம்மாவும் வேணும். யாரா இருந்தாலும் சரி!"

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டடத்தில் ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. "இருக்காங்க," என்றேன்.

"இருபத்து நாலாம் நம்பர் சட்டையைப் போட்டு விடுங்க!"

"அது சின்னது. இவன் தோளுக்கு நுழையாது." பொய் இல்லை. ப்ரூசார்ட் ஒல்லி, கோல்பி கதவகலம். நுழைந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன்.

சுரங்க வழியின் வாயில் நின்று பார்த்தேன். அம்மாவும் பிள்ளையும் கை கோத்து என் முன்னால் நின்றார்கள். வேறு ஒருவன் பெயரைச் சொல்வார்கள் என்று கோல்பி அவள் காதில் சொன்னான். அவள் கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டாள். ஒலிபெருக்கி முழங்கியது: "டெக்ஸஸ், போமான்ட் நகரிலிருந்து... எண் இருபத்து நாலு... ஜேவியன் ப்ரூசார்ட்!" திரையில் ப்ரூசார்டின் முகம் நாலு மாடி உயரத்துக்கு வந்தது. கீழே அறுபத்தொன்று போட்ட, அந்த முகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவன் நடந்தான். முப்பதாயிரம் பேர் எழுந்து கைதட்டினார்கள். ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவன் முதுகு மட்டும்தான். நாலு வருடத்துக்கு முன்னால் நான் ஒட்டிய பெயர், ஓர் எழுத்துகூடப் பெயராமல் இருந்தது.

நடுவில் கோச் அவர்கள் இருவரையும் கட்டிப்பிடித்தார். மார்லீனுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். ஏழு செகண்டு முடிந்தது.

திரும்பி வந்தவளிடம், "கோச் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"இவனை ஜேவியன்னு கூப்பிட்டாரு. பத்து மாசமா நீ காட்டின பொறுமையை மறக்கமாட்டேன்னாரு." கையிலிருந்த பூவைப் பார்த்தாள். "அந்த ஜேவியனோட அம்மா வந்திருக்காங்களா?"

வந்திருந்தாள். இரவெல்லாம் கார் ஓட்டி வந்து ஊர் எல்லையை நெருங்கும்போதுதான் மகன் போன் செய்திருக்கிறான். இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டதே என்று பெற்றோர் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று ஸ்வோப்பே சொல்லியிருந்தான்.

"அப்ப இத அவங்ககிட்ட குடுத்துடுங்க," என்று பூங்கொத்தை என் கையில் வைத்தாள் மார்லீன். "அவங்க பேர்ல குடுத்ததுதானே. எனக்கு நடக்கணும்னுதான் இருந்துச்சு. நடந்தாச்சு."

கோல்பி அதற்குள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உதைப்பவனோடு பந்து எறிந்து பார்க்கப் போய்விட்டான். நான் பூவோடு படியேறினேன். பெற்றோர் வரிசையின் கோடியில் மகனின் இருபத்து நாலு எண் போட்ட சட்டையில் ஓர் அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். தூங்காத கண். பூவை நீட்டி, யார் கொடுத்தது என்று சொன்னேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாக் கைதட்டினாங்க," என்றாள். "பத்து மாசத்துல அவனை ஒரு தடவைகூட எறக்கி ஆட விடல. இவ்வளவு பிரியம் இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு." கீழே மைதானத்தைப் பார்த்தாள். கோல்பி குனிந்து நின்றிருந்தான். "அவன் பேருக்கு நடந்தானே, அந்தப் பையன் எப்ப வந்தான்?"

"நாலு வருஷமா இங்கேயேதாங்க இருக்கான்."

அவள் உண்மையாகவே இரக்கப்பட்டாள். "நாலு வருஷமா? ஐயோ பாவம். அவனுக்கு வேற எங்கயுமே எடம் கெடைக்கலயா?"

"ஒரு எடத்துல கெடச்சுதுங்க," என்றேன். "இங்கதான்."